என் பெயர் கொண்டவள்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி தமிழ் டீச்சர் கேட்டபோது, 'காலத்தின் அருமை', 'நூலகத்தின் பயன்' என்று ஏதேனும் ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அத்தகைய கட்டுரைகள் என் நோட்டில் நிறையவே இருக்கின்றன. ஆனால், ஆறாம் வகுப்பு முதல் என் நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒரு செய்தி உண்டு. பத்தாம் வகுப்பை முடித்துக்கொண்டு இந்தப் பள்ளியின் வாயிலைக் கடந்து போவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆகவே இதனை எழுதுகிறேன். இதில் குற்றம் ஏதேனும் இருந்தால் அது பெரும்பாலும் என்னுடையதே என்பதையும் முதலிலேயே கூறிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பில் ஒரே பெயர் கொண்டவர் இருவர். ஒருத்தி நான். மற்றொருத்தி என் பக்கத்து பெஞ்சில் அமர்பவள். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் இருவரையும் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அவளிடம் அனுமதி கேட்டபோது, "எழுது, ஆனால் பெயர் போடாதே" என்று மட்டும் சொன்னாள்.

நாங்கள் இருவரும் கீழ்புத்துப்பட்டைச் சேர்ந்தவர்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் செல்லும் வழியில் உள்ள ஊர் அது. மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குக் குலதெய்வ வழிபாட்டுக்காக வெளியூர்களிலிருந்து மக்கள் வந்து பொங்கல் வைப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதே ஊரில்தான் இலங்கைத் தமிழர் முகாமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. நான் ஊருக்குள்ளிருந்து வருகிறேன். அவள் முகாமிலிருந்து வருகிறாள். இருவரும் ஏறுவது ஒரே பேருந்துதான்.

நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 2021-ஆம் ஆண்டு. கொரோனாவினால் 2020 மார்ச்சு முதல் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. எங்கள் வகுப்புக்கு நவம்பர் முதல் தேதிதான் பள்ளி திறந்தது. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை முதலமைச்சர் நம் மரக்காணம் பகுதியிலுள்ள முதலியார்குப்பத்தில்தான் தொடங்கி வைத்தார். ஒன்றரை ஆண்டு பாடம் இழந்த பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் பாடம் சொல்லித் தரும் திட்டம் அது.

எங்கள் தெருவில் அதற்கு முன்பே அப்படி ஒரு வகுப்பு நடந்து வந்தது. முகாமைச் சேர்ந்த ஓர் அக்கா, பட்டப்படிப்பு முடித்தவர், எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கும் ஆங்கிலமும் சொல்லித் தந்தார். பின்னமும் தசமமும் எனக்குப் புரிந்தது அந்தத் திண்ணையில்தான். அவரை நாங்கள் 'டீச்சரக்கா' என்று அழைத்தோம். அவர் எங்கிருந்து வருகிறார் என்பதை யாரும் அவர் பெயரோடு சேர்த்துச் சொன்னதில்லை. இதை ஏன் கூறுகிறேன் என்பது பின்னர் விளங்கும்.

பள்ளி திறந்த முதல் நாள். எல்லார் முகத்திலும் முகக்கவசம். கண்களை மட்டும் பார்த்து யார் யார் என்று ஊகித்துக்கொண்டிருந்தோம். டீச்சர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் வாசித்தார்கள். எங்கள் பெயர் வந்தபோது இருவரும் ஒன்றாக எழுந்து, "உள்ளேன் டீச்சர்" என்றோம். வகுப்பே சிரித்தது. எங்களுக்கும் சிரிப்பு வந்தது. இனிஷியல் வேறு வேறு என்பதால் டீச்சர் அதைச் சேர்த்து மீண்டும் வாசித்தார்கள். அத்தோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும்.

இடைவேளையில் ஒரு தோழி என்னிடம் வந்து, "உங்கள் இருவரையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?" என்று கேட்டாள். நான் சற்றும் யோசியாமல், "நான் ஊர், அவள் கேம்ப்" என்றேன்.

தோழியரே, அவ்வளவுதான் நடந்தது. ஒரு வாரத்துக்குள் 'ஊர்' என்பது உதிர்ந்து போயிற்று. எனக்கு என் பெயர் மட்டும் நிலைத்தது. அவளுக்கோ பெயர் உதிர்ந்து 'கேம்ப்' மட்டும் நிலைத்தது. "கேம்ப், உன் ஸ்கேலைக் கொடு." "கேம்ப் இன்றைக்கு வரவில்லை." "எறிபந்துக்குக் கேம்ப் எங்கள் பக்கம்." இவற்றில் எதுவும் பகைமையால் சொன்னதன்று. அவளை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரே பெயரை இருவரும் கொண்டுவந்தோம். நான் இரண்டு பங்கையும் எடுத்துக்கொண்டேன்.

2024 ஆகஸ்டில் நடந்த விளையாட்டு விழாவில், அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு, நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் ஓடினாள். கடைசி வளைவில் மூன்றாவதாக இருந்தவள் இரண்டு பேரைத் தாண்டி முன்னே வந்தபோது எங்கள் இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று, "கேம்ப்! கேம்ப்! கேம்ப்!" என்று கைதட்டிக் கூவினோம். நானும் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்தினேன். அவள் முதலாவதாக வந்தாள். பெற்றோர்களுக்குப் போட்டிருந்த நாற்காலிகளில் அவளுடைய அம்மாவும் அம்மம்மாவும் அமர்ந்திருந்தார்கள். அம்மம்மா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. வாழ்த்துச் சொல்வதற்காக நான் அருகில் போனேன். அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சத்தம் போட்டனீங்கள் பிள்ளையள். ஆனால் எங்கட பிள்ளைக்கு வைச்ச பேர் ஒண்டு இருக்குது" என்றார். கோபம் இல்லாமல், பேருந்தில் மறந்து வைத்த பையை எடுத்துக் கொடுப்பவர் போலச் சொன்னார். அந்தப் பெயர் என் பெயரும்கூட என்பது அவருக்குத் தெரியாது.

அன்று இரவு எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் காலை வழக்கம்போல், "கேம்ப், வீட்டுப்பாடம் முடித்துவிட்டாயா?" என்று கேட்டேன். பழக்கம் அவ்வளவு வலியது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில்தான் நம் கழுவெளி ஏரிக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. ஐந்தாயிரத்து நூற்றைம்பது ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்த உவர்நீர் ஏரி 2021-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் உலகறிந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அதை ஒட்டி, அக்டோபரில் வனவிலங்கு வாரத்தின்போது பள்ளியில் கட்டுரைப் போட்டி நடந்தது. நாங்கள் எல்லாரும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எழுதினோம். வடக்கே பனி உறையும் நாடுகளிலிருந்து பறந்து வரும் பறவைகள் நம் விருந்தாளிகள், அவற்றுக்குத் தீங்கு செய்யலாகாது என்று எழுதினோம். முதற் பரிசு என் பெயர் கொண்டவளுக்கே கிடைத்தது. காலை வணக்கக் கூட்டத்தில் மதர் அவள் பெயரை இனிஷியலோடு முழுமையாக வாசித்தார்கள். சான்றிதழிலும் அவ்வாறே எழுதியிருந்தது. அவளுடைய அம்மா அதை லேமினேட் செய்து சுவரில் மாட்டியிருக்கிறார்.

பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து மூன்று நான்கு மாதம் தங்கிவிட்டுப் போகும் பறவையை நாம் விருந்தாளி என்கிறோம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடலைக் கடந்து தலைமன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பேத்தியை, இங்கேயே பிறந்தவளை, கேம்ப் என்கிறோம். இந்த இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறோம். அன்று இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்கு ஒரு புயல் வரவேண்டியிருந்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. பெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து போய்விடாமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்ததாகப் பதிவாயிற்று. எங்கள் வீடு தாழ்வான பக்கத்தில் இருப்பதால் நள்ளிரவுக்குப் பிறகு தண்ணீர் உள்ளே வந்தது. மின்சாரம் இல்லை. அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். நான் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் எங்களையும் அக்கம்பக்கத்தாரையும் ஒரு பள்ளிக் கட்டடத்துக்கு அழைத்துச் சென்று தங்க வைத்தார்கள். அங்கே மூன்று இரவுகள் இருந்தோம்.

அந்தக் கட்டடத்தை எல்லாரும் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? 'முகாம்' என்றுதான். நிவாரண முகாம். சாப்பாடு கொண்டுவந்தவர் நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்று, "இந்த முகாமில் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார். தலைகளை எண்ணினார்கள். உப்பளத்தில் வேலை செய்து வீட்டுக்கு வருபவருக்கெல்லாம் முதலில் சோறு போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடும் என் அம்மா, தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு பாலுக்கு வரிசையில் நின்றார். இரண்டாம் நாள் மாலை, உதவிக்கு வந்திருந்த ஓர் இளைஞர் என்னைப் பார்த்து, "ஏய் முகாம் பாப்பா, இந்தப் பொட்டலத்தை வாங்கிட்டுப் போ" என்றார்.

அவர் நல்லவர். இடுப்பளவு தண்ணீரில் நடந்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர். அவர் மனத்தில் துளியும் இளக்காரம் இல்லை. ஆனாலும் அந்தப் பொட்டலத்தை வாங்கும்போது என் முகம் சுட்டது. எனக்குப் பெயர் இருக்கிறதே, இவர் ஒரு சொல் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று மனம் கிடந்து தவித்தது. அப்போதுதான், வருடக்கணக்காக நான் பக்கத்து பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரிந்தது. நாங்களும் அந்த இளைஞரைப் போலவே நல்லவர்கள்தாம். நல்லவர்கள் சொன்னாலும் அந்தச் சொல் சுடத்தான் செய்கிறது.

மூன்று இரவுகள் கழித்து நாங்கள் வீடு திரும்பிச் சேற்றை வாரி வெளியே போட்டோம். உப்பளங்கள் எல்லாம் ஏரி போல் நின்றன. மழைக்காலத்தில் எப்போதும் அப்பாவுக்கு வேலை இல்லை. அவ்வாண்டு பாத்திகளைச் சீர் செய்யவே நெடுநாள் ஆயிற்று. ஆயினும் எங்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. முகாம் என்ற சொல் மூன்று நாளில் எங்களை விட்டுப் போய்விட்டது. என் பெயர் கொண்டவளுக்கு அது பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. அவளுடைய அம்மா 1990-இல் ஐந்து வயதுக் குழந்தையாகப் படகில் வந்திறங்கியவர். மண்டபத்தில் பெயரைப் பதிந்துகொண்ட நாள் முதல் இன்று வரை அவருக்கும் அந்தச் சொல் போகவில்லை.

பள்ளி மீண்டும் திறந்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "என்னடி, மூணு நாள் நீயும் கேம்ப் ஆயிட்டியாமே! வா கேம்ப், உட்காரு" என்றாள். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் முயன்றேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பதறிப்போய், "சும்மா சொன்னேன்டி, அழாதே. எனக்கெல்லாம் பழகிப் போச்சு" என்றாள்.

பழகிப் போச்சு என்று அவள் சொன்னாளே, அதைத்தான் என்னால் இன்றளவும் மறக்க முடியவில்லை.

இனி என் கருத்தைக் கூறுகிறேன். ஒருத்தியை அவள் பெயரைச் சொல்லி அழைப்பது நாம் அவளுக்குச் செய்யும் உபகாரம் அன்று. அது அவளுக்கு நாம் பட்டிருக்கும் கடன். அதிலும் அவளிடம் வேறு பலவும் இல்லாதபோது, இருக்கும் ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாகாது.

அவளிடம் என்ன இல்லை என்பதை நம்மில் பலர் அறியோம். நானும் அறியாமலே இருந்தேன். சமூக அறிவியல் பாடத்தில் குடியுரிமை பற்றிப் படித்தபோது டீச்சரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் 1950 சனவரி 26 முதல் 1987 சூன் 30 வரை பிறந்த எவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதன் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும்; அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் பிறந்தது 2010-இல், ஒரே மாதத்தில், புதுச்சேரியில். நான் இந்தியக் குடிமகள். அவள் இல்லை. பதினெட்டு வயதானால் நான் வாக்களிக்கலாம். அவளுக்கு அந்த உரிமை எப்போது வரும் என்று சொல்ல யாருமில்லை. எங்களுக்குப் பின்னம் சொல்லித் தந்த டீச்சரக்கா இப்போது ஒரு கடையில் கணக்கெழுதுகிறார். ஆசிரியை ஆகும் ஆசையை அவர் மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

நம்பிக்கை தரும் செய்தியும் இல்லாமலில்லை. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி நீதிமன்றம் சென்று தம் உரிமையை நிலைநாட்டி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில், தம் முப்பத்தெட்டாம் வயதில், முதன்முறையாக வாக்களித்தார். செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்தேன். மை வைத்த விரலை உயர்த்திக் காட்டியிருந்தார். அவர் 1987-க்கு முன் பிறந்தவர் என்பதால் சட்டம் அவருக்கு வழிவிட்டது. பின்னால் பிறந்தவர்களுக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. சட்டத்தை மாற்றுவது பெரியவர்கள் வேலை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் அது ஆகாது. ஆனால் கூப்பிடும் பெயரை மாற்றப் பாராளுமன்றம் கூட வேண்டியதில்லை.

அரசே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 2021 ஆகஸ்டில், 'இலங்கை அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இடிந்துபோன 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அப்போது அறிவித்தது. வீடு வேண்டியவர்களுக்கு வீடு மட்டும் போதாது, சொல்லும் மாற வேண்டும் என்று பெரியவர்களே கருதினார்கள் அல்லவா? மாநிலம் முழுவதும் முகாம்களில் இருந்த ஐம்பத்தெட்டாயிரம் பேருக்காக ஓர் அரசு ஒரு சொல்லை மாற்றியது. அதே ஆண்டில்தான், நம் வகுப்பில், நான் ஒரு சொல்லைத் தொடங்கி வைத்தேன்.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவதையும் கேட்டிருக்கிறேன். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன்.

"பட்டப்பெயர் வைப்பது பள்ளியில் வழக்கந்தானே? நெட்டை, கண்ணாடி, சுருட்டை என்று கூப்பிடுவதில்லையா?" என்பார்கள். கூப்பிடுகிறோம். அதுவும் நல்லதன்று. ஆனாலும் நெட்டை என்பவள் தானே நெட்டையாக இருக்கிறாள். கேம்ப் என்பது அவளுடைய குணமும் அன்று, உருவமும் அன்று. அவள் பிறப்பதற்கு முன்பே நடந்த ஒரு போரினால் அவள் குடும்பத்துக்கு நேர்ந்த துன்பத்தின் பெயர் அது. ஒருவர் வீட்டுத் துக்கத்தை அவருக்கே பட்டப்பெயராக வைக்கலாமா?

"அவர்களே 'நாங்கள் கேம்ப்' என்று சொல்லிக்கொள்கிறார்களே?" என்பார்கள். ஆம், சொல்லிக்கொள்கிறார்கள். நானும் 'நாங்கள் உப்பளம்' என்று சொல்வதுண்டு. அது நான் எங்கிருந்து வருகிறேன் என்பதற்கு விடை. நான் யார் என்பதற்கு விடை அன்று.

"உதவித்தொகைக்கும் படிவங்களுக்கும் யார் முகாம் பிள்ளைகள் என்று தெரிய வேண்டுமே?" என்பார்கள். இது நியாயமான கேள்வி. அரசு தரும் உதவி அவர்களுக்குத் தவறாமல் போய்ச் சேர வேண்டும். அதற்குரிய விவரம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கட்டும். வகுப்பின் வாயில் இருக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

நான் கிறிஸ்தவப் பெண் அல்லள். அய்யனாருக்குப் பொங்கல் வைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். ஆயினும் ஆறாம் வகுப்பு முதல் ஆண்டுதோறும் டிசம்பரில் இப்பள்ளியில் குடில் கட்டும் பிள்ளைகளுள் நானும் ஒருத்தி. வைக்கோல் பரப்புவதும் வண்ணத்தாள் ஒட்டுவதும் என் வேலை. புயல் வந்த அவ்வாண்டு குடில் கட்டும்போது சிஸ்டர் ஒருவர் எங்களுக்கு அதற்கடுத்த கதையைச் சொன்னார்கள். ஏரோது அரசனுக்கு அஞ்சி, இரவோடு இரவாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சூசையப்பரும் மரியன்னையும் எகிப்து நாட்டுக்கு ஓடினார்கள் என்ற கதை. அங்கே அவர்களை அக்கம்பக்கத்தார் என்ன சொல்லி அழைத்திருப்பார்கள் என்று நான் கேட்டேன். சிஸ்டர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெயர் சொல்லி அழைத்த ஒரு வீடாவது இருந்திருக்கும் என்று நம்புவோம்" என்றார்கள். 2025-இல் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2013-இல் பொறுப்பேற்றபின் உரோமைக்கு வெளியே மேற்கொண்ட முதற் பயணம் லாம்பெதூசா என்னும் சிறு தீவுக்குத்தான் என்பதையும் அன்று சொன்னார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து படகேறி வருவோர் கரை சேரும் தீவு அது. கரை சேராமல் கடலில் மாண்டோருக்காக அவர் அங்கே மலர்வளையமிட்டு வேண்டினார். நம் பாக் நீரிணையிலும் அப்படிக் கரை சேராதவர்கள் உண்டு என்று அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

2025 சூனில் பத்தாம் வகுப்பு தொடங்கியதும் நான் வகுப்பில் எழுந்து நின்று, முதன்முதலில் அப்படிச் சொன்னவள் நான்தான் என்று ஒப்புக்கொண்டு, இனி யாரும் அப்படி அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கால்கள் நடுங்கின. ஒரு தோழி உடனே ஒரு யோசனை சொன்னாள். மறந்துபோய் அந்தச் சொல்லைச் சொல்பவர் ஏழைகளுக்கான காணிக்கை உண்டியலில் ஒரு ரூபாய் போட வேண்டும் என்பது. முதல் வாரத்தில் பதினொரு ரூபாய் சேர்ந்தது. அதில் நான்கு ரூபாய் என்னுடையது. இரண்டாம் வாரத்தில் ஐந்து. ஆடி மாதம் முடிவதற்குள் உண்டியல் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டது. இப்போது எங்கள் வகுப்பில் இருவரும் இனிஷியலோடு அழைக்கப்படுகிறோம். எனக்கும் இனிஷியல் சேர்த்துத்தான். அது நானே கேட்டு வாங்கிக்கொண்டது. அவளுக்கு மட்டும் அடையாளம் வைத்தால் அதுவும் பழைய கதையாகிவிடும்.

ஆனால் சென்ற வாரம் தண்ணீர்க் குழாயடியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இன்னொருத்தியை, "கேம்ப், தள்ளி நில்" என்று சொல்வதைக் கேட்டேன். நாங்கள் விட்ட சொல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் 'நூலகத்தின் பயனை' விட்டுவிட்டு இதை எழுதினேன்.

ஆகவே என் வேண்டுகோள் இவைதாம்.

என் தங்கையரே, இருவருக்கு ஒரே பெயர் இருந்தால் இனிஷியல் சேர்த்து அழையுங்கள். இனிஷியலும் ஒன்றாக இருந்தால் அவளையே கேளுங்கள், 'உன்னை எப்படி அழைக்கட்டும்?' என்று. ஆசிரியைகளே, படிவங்கள் வரும்போது 'முகாம் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்' என்று வகுப்பில் கூறாமல், ஒரு சீட்டில் பெயரெழுதி அனுப்பினால் உங்களுக்குப் புண்ணியமாகும். எழுந்து நிற்கும் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று நிவாரண முகாமில் நின்ற எனக்குத் தெரியும். பெற்றோர்களே, 'அந்தக் கேம்ப் பெண்ணோடா சுற்றுகிறாய்?' என்று எங்களைக் கேட்காதீர்கள். நாங்கள் வீட்டில் கேட்ட சொல்லைத்தான் பள்ளிக்குக் கொண்டுவருகிறோம். முகாமிலிருந்து வரும் என் தோழியரே, பழகிப் போச்சு என்று விட்டுவிடாதீர்கள். எங்களைத் திருத்துங்கள். ஒரு ரூபாய் உண்டியல் எங்கள் வகுப்பில் சும்மாதான் இருக்கிறது, கேட்டால் தருவோம்.

அரசுப் பொதுத் தேர்வு நெருங்குகிறது. நுழைவுச் சீட்டில் ஒவ்வொருவரின் பெயரும் இனிஷியலும் பதிவெண்ணும் இருக்கும். ஊர் என்றும் கேம்ப் என்றும் அதில் இராது. எங்கள் இருவர் பெயரும் அகர வரிசையில் அடுத்தடுத்து வருவதால் தேர்வறையிலும் முன்னும் பின்னுமாக அமர்வோம் என்று நினைக்கிறேன். கண்காணிப்பாளர் அந்தப் பெயரை வாசிக்கும்போது, முதல் நாள் போல் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றாலும் நிற்போம்.

இம்முறை யாராவது, 'உங்களில் யார் யார்?' என்று கேட்டால், விடை சொல்வதற்கு முன் நான் யோசிப்பேன்.

— பத்தாம் வகுப்பு மாணவி, கீழ்புத்துப்பட்டு